திருவொற்றியூர் புல்லட்டும் டிவி பெட்டிக்குள்ள ஓடுன பைக்கும்

வடசென்னை வரைபடத்தை ஒரு தடவை விரிச்சுப் பாருங்க. கடலோரமா ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்னு வரிசையா வடக்கே ஏறிப் போகும். அங்கிருந்து மேற்கால வந்து செங்குன்றம் தாண்டினா சோழவரம். அதுக்கும் வடக்கே எங்க பொன்னேரிப் பக்கத்து வயக்காடு. இந்தச் சின்ன வட்டத்துக்குள்ள மோட்டார் சைக்கிள் செஞ்ச தொழிற்சாலை இருந்தது, டயர் செஞ்ச தொழிற்சாலை இருந்தது, பந்தயம் ஓடுன தளம் இருந்தது. கடைசியா, அந்தப் பந்தயத்தை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள அடைச்சு வித்த கடைத்தெருவும் இருந்தது.

நெல்லு, மாடு, ஏரித் தண்ணின்னு எழுதுற ஆளுக்கு வீடியோ கேம்ல என்ன வேலைன்னு நீங்க கேக்கலாம். எங்க பக்கத்து ஊர்கள்ல முக்கால்வாசி வீட்டுல யாராவது ஒருத்தர் திருவொற்றியூர், எண்ணூர் கம்பெனிக்கு வேலைக்குப் போனவங்க. அந்தச் சம்பளத்துல வாங்கின பொருள்தான் எங்க ஊருக்குள்ள வந்த முதல் மிக்சி, முதல் டிவி, முதல் டிவி கேம். உழவு மாடு எப்ப போச்சு, டிராக்டர் எப்ப வந்ததுன்னு எழுதி வைக்கிற மாதிரி, இதையும் எழுதி வைக்கணும். இல்லன்னா நம்ம பசங்க என்ன விளையாடி வளர்ந்தாங்கன்னு நாளைக்குச் சொல்ல ஆள் இருக்காது.

வண்டி பிறந்த கதை

ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்துல ரெட்டிச்ங்கற ஊர்க் கம்பெனி. 1901-ல முதல் மோட்டார் சைக்கிள் செஞ்சாங்க. புல்லட்ங்கற பேர் 1932-ல வந்தது. சுதந்திரத்துக்கு அப்புறம் கே.ஆர். சுந்தரம் அய்யரோட மெட்ராஸ் மோட்டார்ஸ் அந்த வண்டிகளை இங்க இறக்குமதி பண்ணிட்டு இருந்தது. எல்லையில ரோந்து போக உறுதியான வண்டி வேணும்னு ராணுவம் 350 சிசி புல்லட்டை ஆர்டர் கொடுத்தது. அதுக்கு அப்புறம்தான், எல்லாத்தையும் கப்பல்ல கொண்டு வர்றதைவிட இங்கயே செய்யலாம்ங்கற யோசனை வலுத்தது. 1955-ல என்ஃபீல்டு இந்தியா உருவாச்சு. 1956-ல திருவொற்றியூர்ல தொழிற்சாலை ஓட ஆரம்பிச்சது. முதல்ல இங்கிலாந்துல இருந்து பாகமா வந்ததைப் பூட்டினாங்க. அந்த வருஷம் முடியறதுக்குள்ள வெளிய வந்தது 163 வண்டி. பிறகு கொஞ்சம் கொஞ்சமா எல்லா பாகமும் இங்கயே செய்யற நிலைமை வந்தது.

அங்க ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல மூடியாச்சு. 1970-ல இங்கிலாந்துல ராயல் என்ஃபீல்டு உற்பத்தியே நின்னு போச்சு. திருவொற்றியூர்ல மட்டும் நிக்கல. 1977-ல இங்க செஞ்ச புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி பண்ண ஆரம்பிச்சாங்க. விதைநெல் கொடுத்தவன் வீட்டுல நெல்லு தீர்ந்து, வாங்கினவன் வீட்டுல இருந்து திரும்ப மூட்டை போன மாதிரி.

அதே தெருக்கோடியில இன்னொரு கதை. 1946-ல கே.எம். மாம்மென் மாப்பிள்ளை திருவொற்றியூர்ல ஒரு கொட்டகை போட்டு பொம்மை பலூன் செஞ்சார். அந்தப் பலூன் கம்பெனிதான் எம்ஆர்எஃப். 1952-ல டயர் ரீட்ரெடிங்குக்கான ரப்பர், 1960-களின் தொடக்கத்துல டயர்னு வளர்ந்தது. கொஞ்சம் வடக்கே எண்ணூர்ல அசோக் லேலண்ட். ஆக, வண்டியும் சக்கரமும் ஒரே காத்துல உப்பு வாங்கி வளர்ந்தது.

அந்தக் கால புல்லட்டை ஓட்டினவங்களுக்குத் தெரியும், அது பட்டனைத் தட்டினா கிளம்பற சாமான் இல்ல. ஆம்மீட்டர் முள்ளைப் பார்க்கணும், டிகம்ப்ரஸர் லிவரை அமுக்கி பிஸ்டனைச் சரியான இடத்துக்குக் கொண்டு வரணும், அப்புறம்தான் உதைக்கணும். அவசரப்பட்டா திருப்பி உதைக்கும். கியர் வலது காலுல, பிரேக் இடது காலுல. பக்கத்து வீட்டு வண்டியைக் கேட்டு வாங்கி உடனே ஓட்டிட முடியாது, பழகணும். டிவி கேம் வந்தப்போ முதல்ல காணாமப் போனது இந்தப் பழக்கம்தான். அதைப் பின்னாடி சொல்றேன்.

சோழவரத்து ஓடுதளம்

இரண்டாம் உலகப் போர் சமயத்துல சென்னையைச் சுத்தி விமானம் இறங்க ஓடுதளங்கள் போட்டாங்க. சோழவரத்துலயும் ஒண்ணு. போர் முடிஞ்சதும் அது சும்மா கிடந்தது. நீளமா, நேரா, மட்டமா, குறுக்க மரம் இல்லாத தளம். வண்டி ஓட்டற பைத்தியம் பிடிச்சவனுக்கு வேற என்ன வேணும்? 1953-ல மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கினாங்க. சோழவரம் பந்தயம் இந்தியா முழுக்கத் தெரிஞ்ச பேர் ஆச்சு. காரும் ஓடும், மோட்டார் சைக்கிளும் ஓடும். பெங்களூர், கோயம்புத்தூர், கல்கத்தான்னு பல ஊர்ல இருந்து ஆளுங்க வருவாங்க.

அந்தப் பந்தயத்தோட முகமே வருஷத்துக்கு வருஷம் மாறுச்சு. மைசூர் ஜாவா, யெஸ்டி, நம்ம புல்லட் எல்லாம் ஒரு காலம். 1983-ல ராஜ்தூத் 350 வந்தது, யமஹாவோட ஆர்டி 350-ஐ வெச்சு இங்க செஞ்சது. ரெண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். புல்லட்டோட குதிரை சக்தி 18 சொச்சம்னா, இது 30 பக்கம். அடுத்த வருஷம் ஓசூர்ல இருந்து இந்த்-சுசூகி 100 சிசி. நாலு ஸ்ட்ரோக் தடதட சத்தத்துக்குப் பழகின காதுக்கு இந்த ஊசிச் சத்தம் புதுசு.

இதுல நான் முக்கியமா நினைக்கிறது ஒண்ணுதான். பந்தயம்ங்கறது பணக்கார வீட்டுப் பசங்க ஓட்டின ஆட்டம்தான், மறுக்கல. ஆனா பார்க்கப் போனவங்கள்ல தொழிற்சாலை ஆளுங்களும் மெக்கானிக்குகளும் சுத்துப்பட்டு கிராமத்து ஜனங்களும் உண்டு. திருவொற்றியூர்ல கிராங்க் கேஸ் பூட்டினவரு, அதே எஞ்சின் முழு மூச்சுல கத்துறதை சைக்கிள் மிதிச்சுப் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்துல அந்தத் தளம் இருந்தது. விதைச்சவன் அறுவடையைப் பார்க்கிற மாதிரி அது.

1990-ல ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில பந்தயத்துக்குன்னே நிரந்தரமான தளம் திறந்தாங்க. வளைவுகளோட, 3.7 கிலோமீட்டர். ஓட்டறவங்களுக்கு அது பாதுகாப்பு, நல்ல விஷயம். ஆனா சோழவரத்துல சத்தம் அடங்கிடுச்சு. வடசென்னைக்குப் பந்தயம் தூரத்துச் சொந்தம் ஆயிடுச்சு.

பர்மா பஜார்ல வந்து இறங்கின பெட்டி

சோழவரம் அடங்கின அதே காலத்துலதான் டிவி கேம் பரவ ஆரம்பிச்சது. இது தற்செயல்தான். ஆனா அடுத்தடுத்து நடந்ததைப் பார்த்தா, ஒண்ணு விட்ட இடத்துல இன்னொண்ணு வந்து உக்காந்த மாதிரி இருக்கும்.

பர்மாவுல 1962-ல ராணுவ ஆட்சி வந்து, கடைகளையும் தொழில்களையும் அரசு எடுத்துக்கிட்டப்போ, அங்க தலைமுறையா இருந்த தமிழர்கள் கையில ஒண்ணும் இல்லாம கப்பலேறி வந்தாங்க. அவங்க பிழைக்க 1969-ல துறைமுகத்தை ஒட்டி, ராஜாஜி சாலையில, கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிர்ல வரிசையா கடை கொடுத்தாங்க. அதுதான் பர்மா பஜார். இறக்குமதிக்கு லைசென்சும் வரியும் கடுமையா இருந்த காலம் அது. வெளிநாட்டு டேப் ரெக்கார்டர், கேமரா, சென்ட்டு எது வேணும்னாலும் ஜனங்க அங்கதான் போவாங்க. கப்பலாளுங்க கொண்டு வந்ததும் அங்கதான் கைமாறும். ராயபுரம், காசிமேட்டுப் பசங்களுக்கு அது கூப்பிடு தூரம்.

ஜப்பான்ல நிண்டெண்டோ கம்பெனி 1983-ல ஃபேமிகாம்னு ஒரு வீட்டு விளையாட்டுப் பெட்டி வித்தாங்க. நம்ம ஊருக்கு வந்தது பெரும்பாலும் அதைப் பார்த்து வேற ஆளுங்க செஞ்ச நகல் பெட்டிகள். சாமுராய், லிட்டில் மாஸ்டர், மீடியான்னு பேர். டிவியோட ஆன்டெனா ஓட்டையில ஒயரைச் செருகி, சேனலைத் திருகித் திருகிப் புள்ளியெல்லாம் மறைஞ்சு படம் வர்ற வரைக்கும் தேடணும். கேசட் மஞ்சக் கலர். அட்டையில 99, 999, 9999 விளையாட்டுன்னு போட்டிருக்கும். உள்ள இருக்கிறது இருபதோ முப்பதோதான், அதையே திரும்பத் திரும்பப் போட்டு எண்ணிக்கையை ஏத்தியிருப்பாங்க. கலப்பட யூரியா மூட்டை பார்த்தவனுக்கு இது ஆச்சரியமில்ல.

அந்த இருபது முப்பதுல கண்டிப்பா ஒண்ணு பைக் ரேஸ். அதோட பேர் எக்ஸைட் பைக். 1984-ல நிண்டெண்டோ வெளியிட்டது. மரியோவை உருவாக்கின ஷிகேரு மியாமோட்டோ வடிவமைச்சது.

எக்ஸைட் பைக் கத்துக் கொடுத்தது

பக்கவாட்டுல பார்க்கிற ஆட்டம். மண் தடம், நாலு வரிசை. மேடு, பள்ளம், சேறு. ஏ பட்டனை அமுக்கினா சாதாரண வேகம், பி பட்டனை அமுக்கினா அதிவேகம். ஆனா பி-யை விடாம அமுக்கினா கீழே வெப்பம் காட்டற கோடு ஏறிக்கிட்டே போகும். உச்சிக்குப் போனா எஞ்சின் மக்கர் பண்ணும், வண்டி ஓரமா போய் நின்னுடும். சூடு ஆறற வரைக்கும் மத்தவன் எல்லாம் நம்மைத் தாண்டிப் போறதைப் பார்த்துட்டு நிக்கணும். தடத்துல அங்கங்க அம்புக்குறி இருக்கும், அது மேல ஏத்தினா சூடு இறங்கும்.

டூ ஸ்ட்ரோக் வண்டியை வெயில்ல விரட்டி பிஸ்டன் பிடிச்சு நின்னவங்களுக்கும், கிணத்துல தண்ணி இல்லாம பம்ப்செட்டை ஓடவிட்டு எஞ்சினைப் பொசுக்கினவங்களுக்கும் இது புரியும். எஞ்சினுக்கும் ஒரு தாங்குற அளவு இருக்குன்னு எட்டு வயசுப் பையனுக்கு ஒரு பொம்மை ஆட்டம் சொல்லிக் கொடுத்தது. மேட்டுல இருந்து தாவும்போது முன் சக்கரத்தைத் தூக்கணும், இறங்கும்போது சரிவுக்குத் தக்க சாய்க்கணும். இல்லன்னா குப்புற விழுவான். விழுந்தவன் எழுந்து வண்டியை நோக்கி ஓடுவான். பட்டனை வேகமா தட்டத் தட்ட வேகமா ஓடுவான். கட்டை விரல்ல காய்ப்பு ஏறுனது இதனாலதான்.

அதுல டிசைன்னு ஒரு பிரிவு இருந்தது. மேடு எங்க வேணும், சேறு எங்க வேணும், எத்தனை சுத்துன்னு நாமளே தடத்தை அமைச்சு ஓட்டலாம். ஜப்பான்ல அந்தத் தடத்தைச் சேமிச்சு வைக்க தனியா ஒரு டேப் கருவி வித்தாங்க. நம்ம ஊர்ப் பெட்டிக்கு அது கிடையாது. கரண்ட் போனா போட்ட தடம் போச்சு. கரண்ட் போகாத நாள் எங்க இருந்தது? பசங்க சலிக்காம திரும்பப் போட்டாங்க. வரப்பு உடைஞ்சா திரும்ப வெட்டறோம்ல, அதே மாதிரி.

கிராமத்துக்குள்ள இது பெருசா பரவ இன்னொரு காரணம் உண்டு. 2006 செப்டம்பர்ல தமிழக அரசு இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பிச்சது. 14 இஞ்ச் பெட்டி, அடுத்த சில வருஷத்துல கோடி வீட்டுக்கு மேல போச்சு. அதுவரைக்கும் பஞ்சாயத்து டிவியையோ பக்கத்து வீட்டு ஜன்னலையோ நம்பின பசங்களுக்குச் சொந்த டிவி. டிவி கேம் பெட்டி அதுக்குள்ள விலை ரொம்ப இறங்கி, திருவிழாக் கடையிலயும் கிடைக்க ஆரம்பிச்சிருந்தது. ஜப்பான்ல அந்த ஆட்டம் வந்து இருபது வருஷம் கழிச்சு எங்க ஊர்ல அது புதுசு. ராத்திரி சீரியல் நேரத்துல மட்டும் பெட்டியைக் கழட்டியே ஆகணும், அதுல எந்த அம்மாவும் விட்டுக் கொடுத்ததில்ல.

தடம் ரோடாக மாறினது

1991-ல அமெரிக்காவுல எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனி ரோட் ரேஷ்னு ஒரு ஆட்டம் கொண்டு வந்தது. முதல்ல சேகா பெட்டிக்கு. அப்புறம் வேற பெட்டிகளுக்கு, 1996-ல கம்ப்யூட்டருக்கு. நம்ம ஊர்ல பிரவுசிங் சென்டர் மூலமா பரவினது இந்தக் கம்ப்யூட்டர் ஆட்டம்தான். இதுல பந்தயத் தளமே கிடையாது. எதிர்ல கார் வர்ற பொது ரோடு. பக்கத்துல வர்றவனைக் கையால குத்தலாம், சங்கிலியால அடிக்கலாம், காலால உதைச்சுத் தள்ளலாம். போலீஸ் துரத்தும். பிடிபட்டா அபராதம், வண்டி உடைஞ்சா ரிப்பேர் செலவு, கையில காசு இல்லன்னா ஆட்டம் முடிஞ்சது.

2000-ல சோனியோட பிளேஸ்டேஷன் 2. உலகத்துல 15 கோடிக்கு மேல வித்த பெட்டி. வீட்டுல வாங்க முடியாதவங்களுக்குச் சந்துக்குச் சந்து கடை வந்தது, மணிக்கணக்குக்குக் காசு. மோட்டோஜிபி ஆட்டம் வந்தது. 2006-ல டூரிஸ்ட் டிராபின்னு நிஜ வண்டி, நிஜத் தளங்களோட ஒரு ஆட்டம் வந்தது. அதுல வளைவுக்கு முன்னாடி பிரேக் போடலன்னா மண்ணுலதான் கிடக்கணும். ஆனா எந்த ஆட்டத்துலயும் விழுந்தவன் எழுந்துடுவான்.

அதே வருஷங்கள்ல வெளியில நிஜ வண்டியும் மாறுச்சு. 2001-ல பல்சர், 2008-ல யமஹா ஆர்15, 2012-ல கேடிஎம் டியூக் 200. டியூக்கோட குதிரை சக்தி 25. ஒரு காலத்துல சோழவரத்துல ஜெயிக்கப் போதுமான சக்தி, தவணையில, இருபது வயசுப் பையன் கைக்கு வந்துடுச்சு. டிகம்ப்ரஸர் இல்ல, உதை இல்ல. பட்டனைத் தட்டினா கிளம்பும். முன்னாடி சொன்னேனே, பழகணும்னு, அந்தப் படி கழண்டு போச்சு.

இப்ப கணக்கைக் கூட்டிப் பாருங்க. பந்தயத் தளம் 1990-ல இருங்காட்டுக்கோட்டைக்குப் போச்சு. 1994-ல என்ஃபீல்டு ஐஷர் கைக்கு வந்தது. 2013-ல ஒரகடத்துலயும், 2017-ல வல்லம் வடகால்லயும் பெரிய தொழிற்சாலை திறந்தாங்க. எல்லாமே தென்மேற்குப் பக்கம். வடக்குக்கு என்ன வந்தது? அனல்மின் நிலையம், அதோட சாம்பல், 2001-ல எண்ணூர் துறைமுகம், நிலக்கரி, எண்ணூர் நெடுஞ்சாலையில நாள் கணக்கா நின்ன கன்டெய்னர் லாரி வரிசை. சத்தம் போடற வேலை இங்க, வேடிக்கை அங்கன்னு ஆயிடுச்சு.

அந்த நெடுஞ்சாலையில ராத்திரி நேரத்துல பசங்க பைக் ரேஸ் விடறாங்கன்னு அப்பப்போ செய்தி வரும். போலீஸ் வண்டியைப் பிடுங்கும், பெத்தவங்களைக் கூப்பிட்டு எச்சரிக்கும். உடனே ஒரு கூட்டம், வீடியோ கேம் பார்த்துத்தான் கெட்டுப் போறாங்கன்னு சொல்லும். எனக்கு இது ஒப்புதல் இல்ல. ஜல்லிக்கட்டுக் காளையைப் பிடிக்கத் துடிக்கிற அதே வயசு, அதே ரத்தம். மதுரைப் பக்கம் அதுக்கு வாடிவாசல் இருக்கு, தேங்காய் நார் போட்ட தரை இருக்கு, மருத்துவர் இருக்கார், நேரம் இருக்கு. இங்க ஆசை இருக்கு, இடம் இல்ல. உலகம் முழுக்க அந்தக் காலப் பந்தயங்கள்ல வளைவுல வைக்கோல் கட்டு அடுக்கி வைப்பாங்க, விழறவன் அது மேல விழட்டும்னு. எண்ணூர் ரோட்டுல விழறவனுக்குக் காத்திருக்கிறது கன்டெய்னர் லாரியோட பின் சக்கரம். பெத்துப் பறிகொடுத்தவங்க வீட்டு வாசல்ல நின்னு ஆறுதல் சொல்லப் போனவங்களுக்குத் தெரியும், எந்த வார்த்தையும் எடுபடாது.

தளம் கிடைச்சா என்ன ஆகும்ங்கறதுக்கும் இதே ஊர்ல சாட்சி இருக்கு. சென்னைக்காரங்களான ரஜினி கிருஷ்ணன், ஜெகன் குமார் ரெண்டு பேரும் இருங்காட்டுக்கோட்டைத் தளத்துல ஓட்டி தேசிய அளவுல பேர் வாங்கினவங்க. 2024-ல தீவுத்திடலைச் சுத்தி ராத்திரி வெளிச்சத்துல கார் பந்தயமே நடத்திக் காட்டினாங்க. தீவுத்திடல்ல இருந்து ராயபுரம் எவ்வளவு தூரம்? நகரத்துக்கு நடுவுல ரோட்டை மறிச்சு கார் ஓட்ட முடியும்னா, வடக்கே ஒரு சின்ன பயிற்சித் தளம் முடியாத காரியமா? ஹெல்மெட், தோல் உடுப்பு வாடகைக்கு, கத்துக் கொடுக்க ஓய்வு பெற்ற மெக்கானிக்குகள். அவங்களுக்கு இந்தப் பக்கம் பஞ்சமே இல்ல.

2024 டிசம்பர்ல இன்னொண்ணும் நடந்தது. செல்போன்ல பசங்க விளையாடற பிஜிஎம்ஐ ஆட்டத்துக்குள்ள ராயல் என்ஃபீல்டு புல்லட் 350-ஐயும் கான்டினென்டல் ஜிடி 650-ஐயும் கொண்டு வந்தாங்க. திருவொற்றியூர்ல 163-ல தொடங்கின வண்டி ஒரு வழியா திரைக்குள்ளயும் வந்து சேர்ந்துடுச்சு. இப்ப டிவி வேண்டாம், பெட்டி வேண்டாம், மஞ்சக் கேசட்டை எடுத்து வாயால ஊதற வேலையும் இல்ல.

உங்க வீட்டுப் பரண்ல அந்தப் பழைய பெட்டி கிடந்தா தூக்கிப் போட்டுடாதீங்க. அடாப்டர் நல்லா இருந்தா இன்னும் ஓடும். பிள்ளைங்களை உக்கார வெச்சு எக்ஸைட் பைக்குல டிசைனுக்குப் போய் ஒரு தடம் போடச் சொல்லுங்க. அப்படியே, புல்லட்டுங்கறது முதல்ல எந்த ஊர்ல பூட்டினது, அதை எந்த ஊர்ல ஓட்டினாங்கன்னும் சொல்லுங்க. ரெண்டு ஊரும் உங்க வீட்டுல இருந்து ஒரு மணி நேரத் தூரம்தான்.